ஜெயகாந்தனின் கங்காவை இன்று எப்படி வாசிப்பது?

வாசகி_மதுரை:

எங்கள் வாசிப்புக் குழுவில் அடுத்த மாதத்துக்கு ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எடுத்திருக்கிறோம். அதன் நாயகிதான் கங்கா. குழுவில் பெரும்பாலும் கல்லூரி முடித்து வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கும் பெண்கள். நான் பாதி தாண்டிவிட்டேன். அவளுக்கு அடைக்கலம் தரும் வெங்கு மாமா வரும் பக்கங்களில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நடக்க வேண்டியிருந்தது, அவ்வளவு உண்மை. ஆனால் கங்கா பிரபுவைத் தேடிப் பிடித்த பிறகு எனக்கு ஒட்டவே இல்லை. தன் வாழ்க்கையைக் குலைத்தவனோடு அவள் இப்படிப் பழகுவதை எப்படி எடுத்துக்கொள்வது? நாவலின் பலம் எது, சறுக்கல் எது என்று மற்றவர்கள் சொன்னால் குழுவில் பேச உதவியாக இருக்கும்.

காவிரிக்கரை:

பெண்களுக்கான ஆலோசனை மையம் ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். இந்த நாவலை அந்த வேலைக்கு முன்பும் படித்தேன், பின்பும் படித்தேன். பின்னால் படித்தபோதுதான் இது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கியது.

முதலில் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையைப் படித்துவிடுங்கள். 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் மாணவி, பெரிய காரில் வரும் ஒருவன், அப்புறம் நடந்துவிடுவது. வீட்டுக்கு வந்து அழும் மகளின் தலையில் அம்மா தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய், இதை யாரிடமும் சொல்லாதே என்கிறாள். அன்றைக்கு அதற்குக் கிளம்பிய எதிர்ப்பு கொஞ்சமல்ல. அந்தச் சூட்டில்தான் இந்த நாவல் பிறந்தது. அம்மாவின் அந்த ஒரு செய்கையை மட்டும் ஜெயகாந்தன் மாற்றிவிடுகிறார். நாவலில் அம்மா கனகம் அலறி ஊரைக் கூட்டிவிடுகிறாள். அண்ணன் கணேசன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். மீதி எல்லாம் அதிலிருந்து வருகிறது.

என் பார்வையில் இதன் முதல் பலம் இதுதான். காரில் நடந்தது சிறிது நேரம். அதற்குப் பிறகு வீடு அவளுக்குச் செய்வதைத்தான் நாவல் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. மையத்துக்கு வந்தவர்களில் பலர் சம்பவத்தைச் சில வார்த்தைகளில் முடித்துவிடுவார்கள். அன்று ராத்திரி அம்மா என்ன சொன்னாள், அண்ணன் எப்படிப் பார்த்தான் என்று சொல்லும்போதுதான் குரல் உடையும். முதலில் யாரிடம் சொன்னோம், அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது ஒரு பெண் மீள்வதில் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்று எங்களுக்குப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தார்கள். ஜெயகாந்தன் அதை அறுபதுகளின் கடைசியிலேயே கண்டுவிட்டார்.

அடுத்தது வெங்கு மாமா. தஞ்சாவூர் வக்கீல், ஆசாரம் பார்ப்பவர், அடைக்கலம் கொடுத்துப் படிக்க வைத்தவர். அவரே அவள்மேல் கை வைக்கப் பார்க்கிறார். நீ யாருக்கும் மனைவியாக முடியாது, வேண்டுமானால் வைப்பாக இருக்கலாம் என்ற தொனியில் பேசுகிறார். சாமர்த்தியம் இருந்தால் காரில் வந்தவனைக் கண்டுபிடி என்று சவால் விடுகிறார். உதவி செய்த கை என்பதாலேயே அவரை எதிர்க்க முடியாமல் கங்கா ஒடுங்குவதும், உள்ளுக்குள் கொதிப்பதும் அவள் வாய்மொழியாகவே வருகின்றன. கங்கா தன்மையில் கதை சொல்வது இங்கே பெரிதாகப் பலிக்கிறது. பஸ்ஸில் உரசுகிற ஆண்களைப் பற்றி அவள் நினைப்பதைப் படித்தால் உங்கள் குழுப் பெண்கள் யாரும் இதைப் பழைய காலத்துக் கதை என்று சொல்ல மாட்டார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். காரில் வந்த அந்தப் பிரபுவைத் தேடிப் போவது எனக்கு நம்பக்கூடியதாகவே இருக்கிறது. கெட்டுப்போனவள் என்று ஊரே முடிவு செய்துவிட்ட ஒருத்திக்கு, அந்த ராத்திரியைத் தெரிந்த இன்னொரு ஆள் அவன் மட்டும்தான். அவனிடம் போனால் தன் கதை முழுமையாகும் என்று அவள் நினைக்கலாம். என் மனம் ஒப்பாதது அதற்கு அடுத்த கட்டம். ஜெயகாந்தனுக்குப் பிரபுமேல் பாசம் வந்துவிடுகிறது. மனைவி பத்மா மதிக்காத, தன்மேலேயே மரியாதை இல்லாத, குழந்தைத்தனமான பணக்காரனாக அவனை வரைந்து வரைந்து நம்மை இரங்க வைக்கிறார். அந்த இரக்கத்தில் அவன் செய்தது கரைந்து போகிறது. அவன் ஒருமுறையாவது அதன் முழு எடையைச் சுமக்கும்படி எழுதியிருக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமே வரும்.

இன்னொன்று: அன்று தான் எதிர்க்காததைக் கங்கா தன் அசட்டுத்தனமாகவே எடுத்துக்கொள்கிறாள். பயத்தில் உடம்பு உறைந்து போவது அடிக்கடி நடப்பது, அது சம்மதம் ஆகாது. இதை நாவலில் யாருமே அவளுக்குச் சொல்வதில்லை. குழுவில் இதை நீங்களாவது வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்கு அது தேவைப்படும் என்று நமக்குத் தெரியாது.

பழைய_புத்தகம்:

அக்கா சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் சம்மதம். ஆர்.கே.வி.யை விட்டுவிட்டீர்களே. ‘அக்கினிப் பிரவேசம்’ கதையை எழுதியவராக நாவலுக்குள்ளேயே ஆர்.கே.வி. என்ற எழுத்தாளரை வைத்து, கங்காவை அதைப் படிக்க வைக்கிறார் ஜெயகாந்தன். அந்தக் கதையின் அம்மா மாதிரி தன் அம்மாவும் நடந்துகொண்டிருக்கலாமே என்று அவள் ஏங்குவது அங்கிருந்துதான் கூர்மையாகிறது. எனக்குப் பிடித்த துணிச்சல் அது. ஆனால் விவாதம் நீளும் இடங்களில் ஆசிரியரின் மேடைக் குரல் கேட்டுவிடுகிறது, கங்காவின் பேச்சிலும்கூட. கடைசியில் அவள் சரிவதும் எனக்கு அவசரமாகத் தெரிகிறது. சம்பாதித்து, தனித்து நிற்கக் கற்ற பெண் அவள். 1977இல் பீம்சிங் எடுத்த படத்தில் லட்சுமியின் முகம் அந்த அவசரத்தைப் பெரிதும் ஈடுகட்டியது. அந்த நடிப்புக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

வாசகி_மதுரை:

நன்றி அக்கா, நன்றி தோழர். சிறுகதையை முதல் அமர்வில் சத்தமாகப் படித்துவிட்டு, நாவலை அதற்கு அடுத்த அமர்வுக்குத் தள்ளிவைக்கிறோம். பிரபுவைப் பற்றி அக்கா சொன்னதை வைத்துத்தான் பேச்சைத் தொடங்கப் போகிறேன். இதன் தொடர்ச்சியான ‘கங்கை எங்கே போகிறாள்’ நாவலைப் படித்தவர்கள் இங்கே இருந்தால், அதில் பிரபு எப்படி வருகிறான் என்று எழுதுங்கள். அதையும் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.