புதுப்பிப்பு: பிராட்வே நடைபாதைச் சிறுமிக்குப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது

போன மாதம் எழுதியிருந்தேன்: சென்னை பிராட்வே நடைபாதையில் பூக்கட்டும் அக்காவின் 9 வயது மகளை, பிறப்புச் சான்றிதழும் முகவரியும் இல்லை என்று ஒரு பள்ளியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன ஆச்சு என்று பலர் கேட்டீர்கள்.

சேர்ந்துவிட்டாள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவை அச்செடுத்துக்கொண்டு மறுபடி போனோம். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என அதில் தெளிவாக இருக்கிறது. தலைமையாசிரியர் இரண்டு முறை படித்தார், அப்புறம் விண்ணப்பத்தை நீட்டினார். 4ஆம் பிரிவுப்படி வயதுக்கேற்ற வகுப்பு. அதனால் நான்காம் வகுப்பு. எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். சிறப்புப் பயிற்சி பெறுவதும் அதே பிரிவு தரும் உரிமைதான், ஆனால் இன்னும் தொடங்கவில்லை. விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் யோசிக்காத சிக்கல் புத்தகப்பை. போன வார மழையில் தார்ப்பாய் ஒழுகி, கணக்கு நோட்டு முழுக்க ஊறிப்போனது. இப்போது வகுப்பாசிரியை புத்தகங்களைப் பள்ளி பீரோவிலேயே வைத்துக்கொள்கிறார். வீட்டுப்பாட நோட்டு மட்டும் பூக்கூடையில், பிளாஸ்டிக் கவருக்குள்.

காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரை உண்டு. அதற்காகவே சீக்கிரம் கிளம்பிவிடுகிறாளாம். "பொங்கல் போடுற அன்னைக்கு இன்னும் சீக்கிரம்" என்கிறார் அக்கா.