வாட்ஸ்அப்பில் வந்ததும் பேப்பரில் வராததும்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். 2018இல் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். சம்பளம் என்று பெரிதாகக் கிடையாது. வெளியாகும் செய்திக்கு இவ்வளவு, பிடித்துக் கொடுக்கும் விளம்பரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. கோயில் திருவிழா, சாலை மறியல், நினைவஞ்சலி விளம்பரம், இவைதான் அன்றாட வேலை.

அந்தக் கோடையில் ஒரு குரல் பதிவு எங்கள் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. வடநாட்டிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் இறங்கிவிட்டது, பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று ஒருவர் பதறிப் பேசுவார். கூடவே ஒரு வீடியோவும் வந்தது. பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். உண்மையில் அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அவர்கள் பையனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஒரு அட்டையை விரித்துக் காட்டுவார்கள். அந்தப் பகுதியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். இதெல்லாம் பிறகுதான் தெரிய வந்தது.

நான் காவல் நிலையத்தில் விசாரித்தேன். எங்கள் தாலுகாவில் அப்படி ஒரு குழந்தைகூடக் காணாமல் போகவில்லை. உடனே எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து உள்பக்கத்தில், ஒற்றைப் பத்தியில், அரைச் சாண் அளவுக்கு வந்தது. அம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "உங்க பேப்பர்ல ஊர்ல நடக்கறது எல்லாமா வருது? என் தங்கச்சி மகன் பொய்யா அனுப்புவான்?" என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் குரலும் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே இருந்தது. அனுப்பியது சித்தி மகன். அவனுக்கு அனுப்பியது அவனோடு வேலை பார்ப்பவன். முதலில் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியாக அனுப்பியவர் தெரிந்தவர் என்பதே எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

மே 9 அன்று போளூர் பக்கம் அத்திமூரில் அது நடந்தது. சென்னையிலிருந்து உறவினர்களோடு காரில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த, அறுபது வயதைக் கடந்த ஒரு அம்மா. வழி கேட்க நின்ற இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார். கூட்டம் அடித்தே கொன்றுவிட்டது. கூட வந்தவர்களுக்கும் பலத்த காயம். அடிக்கிறதையும் போனில் பிடித்திருந்தார்கள். அந்த வீடியோவும் அதே குழுக்களில் வந்தது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து போனில் பேசிப் பதிவு செய்தேன். "நான் இன்னார் மகன் பேசறேன், நம்ம ஸ்டேஷன்ல நேர்ல கேட்டேன், ஒரு பிள்ளையும் காணாம போகல, வெளியூர்க்காரங்க வந்தா உட்கார வச்சுட்டு போலீஸைக் கூப்பிடுங்க." அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட இருக்காது. மூன்றாம் நாள் நான் கேள்விப்பட்டே இராத ஒரு குழுவிலிருந்து அது எனக்கே திரும்பி வந்தது. செய்தியாக எழுதி அனுப்பிய அன்றே இதையும் செய்திருக்க வேண்டும். அது இன்றுவரை மனதை அறுக்கிறது.

அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் பொய்த் தகவலை எப்படி இனம் காண்பது என்று இந்தியச் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. முகவர் கடையில் ஆங்கிலப் பேப்பரில் பார்த்தேன். ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்ற கட்டுப்பாடும் அதே மாதம்தான் அறிவிக்கப்பட்டது. ஊரே பேப்பரை நம்பாமல் போனை நம்பிக்கொண்டிருக்க, போன்காரர்கள் பேப்பருக்கு வந்திருந்தார்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன்.

மறுமொழி, மதுரையிலிருந்து

அண்ணா, படிக்கவே மனசு கனத்துப் போச்சு. எங்களுடையது வியாபார அனுபவம். ஆனால் எங்களுக்கும் யார் சொல்லை நம்புவது என்பதுதான் பிரச்சினை.

எங்கள் வீட்டில் சுங்குடிச் சேலை வியாபாரம். அப்பா காலத்தில் விளம்பரம் என்றால் பேப்பருக்குள் மடித்து வைக்கும் பிட் நோட்டீஸ், தியேட்டரில் ஸ்லைடு, பிறகு லோக்கல் கேபிளில் ஓடும் வரி. 2020 ஊரடங்கில் சரக்கு அப்படியே முடங்கியது. வேறு வழி தெரியாமல் ஸ்டேட்டஸில் படம் போட ஆரம்பித்தேன். கோவை, திருப்பூர் என்று ஆர்டர் வந்தது. அப்புறம் இன்ஸ்டாகிராம்.

முதல் அடி நிறத்தில் விழுந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த அரக்கு, போனில் வேறு சிவப்பாகத் தெரியும். பிரித்துப் பார்த்தவர்கள் ஏமாற்றிவிட்டதாகத் திட்டினார்கள். இப்போது காலை வெயிலில் மாடியில் விரித்துத்தான் எடுக்கிறேன். பார்சலைப் பிரிக்கும்போது அன்பாக்சிங் வீடியோ எடுக்கச் சொல்லியும் கேட்கிறேன்.

இரண்டாவது அடி பெரியது. வேறு ஊரில் ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம் எங்கள் படங்களை எடுத்துப் போட்டு, அச்சடித்த துணியைச் சுங்குடி என்று விற்றிருக்கிறது. வாங்கிய அம்மா தேடிப் பிடித்து எங்களைத்தான் கேட்டார். மதுரைச் சுங்குடிக்கு 2005லேயே புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ப் பொருள் என்பதற்கான அரசுப் பதிவு, கிடைத்துவிட்டது. போனில் படம் பார்த்து வாங்குகிறவருக்கு அதனால் என்ன தெரியும்?

எங்களுக்கு முடிச்சுப் போட்டுக் கொடுக்கும் சௌராஷ்டிரப் பாட்டி ஒருவர் இருக்கிறார். அவர் சம்மதத்தோடு விரல்களை மட்டும் வீடியோ எடுத்துப் போட்டேன். துணியைக் கிள்ளி, நூல் சுற்றி, இறுக்கி, அடுத்த புள்ளிக்குப் போவார். சாயம் ஏறிய பிறகு முடிச்சைப் பிரித்தால்தான் வெள்ளைப் புள்ளி தெரியும். கையால் போட்டது என்பதால் ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது. அதைப் பார்த்த பிறகு "ஏன் இவ்வளவு விலை" என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அப்பா எத்தனை நோட்டீஸ் அடித்தும் இதைக் காட்ட முடிந்ததில்லை.

மறுமொழி, சென்னையிலிருந்து

2015 டிசம்பர் 2. எங்கள் வீட்டில் தினமும் தி ஹிந்து வரும். அன்று வரவில்லை. வெள்ளத்தில் ஊழியர்கள் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாததால் பேப்பரே அச்சாகவில்லை. 1878இல் தொடங்கியதிலிருந்து இப்படி நடந்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு அறிந்தோம். அப்பா பேட்டரி ரேடியோவை எடுத்து வைத்துக்கொண்டார். நான் சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் ட்விட்டரில் உதவி கேட்டவர்களின் பட்டியலைப் பகிர்ந்தேன்.

அதில் ஒரு தவறு செய்தேன். ஜாபர்கான்பேட்டையில் ஒரு குடும்பம் மொட்டை மாடியில் இருப்பதாக வந்ததை அப்படியே போட்டுவிட்டேன். படகு போனது. அவர்களை முந்தின நாளே மீட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் வேறு எந்த மாடியில் யார் காத்திருந்தார்களோ. அதற்குப் பிறகு எங்கள் நண்பர்கள் குழுவில் ஒருவர் போன் செய்து கேட்க, இன்னொருவர் பக்கத்தில் மணியைக் குறிக்க என்று பிரித்துக்கொண்டோம். "மாலை 4.10, பேசியாயிற்று, மூன்று பேர், ஒருவருக்கு இன்சுலின் வேண்டும்" என்கிற மாதிரி. பழைய வரிகளை அழித்துக்கொண்டே வந்தோம். முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற வதந்தி வந்தபோது அந்தப் பழக்கம் கை கொடுத்தது. பேசிப் பார்த்தவர் யாரும் இல்லாததால் எங்கள் குழுவிலிருந்து அது வெளியே போகவில்லை.

தொடங்கியவர்

மணி போடும் முறையை நான் எடுத்துக்கொள்கிறேன், நன்றி. அம்மா இப்போது எது வந்தாலும் முதலில் எனக்குத்தான் அனுப்புகிறார். நேற்று காலை மட்டும் நாலு வந்தது. ஒவ்வொன்றாகப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்று உண்மை, இரண்டு பொய். நாலாவதற்கு அந்த ஊரில் ஆள் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.