மறு: மறு: ஒளி வலையமைப்பில் 'ரூட்டிங்': திசைவித்தலா, ஆற்றுப்படுத்தலா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஒளி வலையமைப்பில், அதாவது கண்ணாடி இழைகளில் ஒளியாகத் தகவல் ஓடும் வலையமைப்பில், 'ரூட்டிங்' என்பதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது என்று முடிவு செய்ய வேண்டும். திங்கட்கிழமை வகுப்பு. பாடக்குறிப்பு ஞாயிறு இரவே அச்சுக்குப் போகவேண்டும்.

> 'திசைவி' ஊரறிந்த சொல். 'திசைவித்தல்' என்றே போடுங்கள்.

ஊரறிந்ததுதான் ஐயா, ஆனால் அது வேறு வேலைக்கான சொல். இணையத் திசைவி (ரூட்டர்) வருகிற ஒவ்வொரு பொதிக்கும், அதாவது தகவல் துண்டுக்கும், அடுத்த கணுவை, அதாவது அடுத்த சந்திப்பை, காட்டும். அங்கே திசை போதும். ஒளி வலையமைப்பில் முதல் பொதி கிளம்புமுன்பே கடைசிக் கணு வரை முழு வழியையும் பிடித்துவைக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பும் ஒளியின் ஓர் அலைநீளத்தில் ஓடும். நடுவில் அதை மாற்றித்தரும் அலைநீள மாற்றி இல்லையென்றால் வழி நெடுக ஒரே அலைநீளம்.

சென்ற ஆண்டு கரும்பலகையில் அடுத்தடுத்து மூன்று கண்ணிகள் (இரு கணுக்களை இணைக்கும் இழைகள்) வரைந்தேன். முதலாவதில் 1, 2 ஆம் அலைநீளங்கள் காலி. அடுத்ததில் 2, 3. கடைசியில் 1, 3. எல்லாவற்றிலும் இடம் இருக்கிறது, மூன்றிலும் பொதுவாகக் காலியான அலைநீளம் இல்லாததால் இணைப்பு மட்டும் கிடைக்காது. "நடுவில் 3-க்கு மாறிக்கலாமே சார்?" என்றார்கள் பிள்ளைகள். திசைவித்தல் என்று நான் சொன்னதால், ஒவ்வொரு கணுவிலும் புதிதாக முடிவெடுக்கலாம் என்று வந்த குழப்பம் அது.

('வி' விகுதி வினையடியில்தான் சேரும், 'திசை' பெயராயிற்றே என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. வழக்கில் வென்ற சொல்லை நன்னூல் காட்டி விரட்ட முடியாது.)

> ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்தலை விடப் பொருத்தம் ஏது?

எனக்கும் ஆசைதான். மலைபடுகடாத்தில் நன்னன் ஊருக்குப் போகும் வழி முழுவதும், எங்கே இடர், எங்கே தங்கலாம் என்று கூத்தனுக்கு முன்கூட்டியே சொல்லப்படுகிறது. நமக்கு வேண்டியதும் அதுவே. ஆனால் யாழ்ப்பாணத்து அக்கா எழுதியதைப் பாருங்கள்: அங்கே ஆற்றுப்படுத்தல் என்றால் மனம் நொந்தவருக்குத் தரும் உளவளத்துணை. நன்றாக வேரூன்றிய அந்தப் பொருளைக் கலைக்க எனக்கு மனமில்லை.

ஆகவே 'வழியொதுக்கீடு'. வழியையும் அலைநீளத்தையும் சேர்த்தே தீர்க்கும் கணக்குக்கு 'வழி-அலைநீள ஒதுக்கீடு'. எப்போதும் குறுகிய வழியையே பிடித்தால் நடுக்கண்ணிகள் நிரம்பிவிடும். சற்றுச் சுற்றினாலும் நெரிசல் குறைந்த வழியைப் பிடி என்ற பாடத்தையும் இந்தச் சொல்லை வைத்தே நடத்தலாம்.

> ஒதுக்கல் என்றால் புறக்கணிப்பு.

இட ஒதுக்கீட்டை யாரும் அப்படிப் படிப்பதில்லையே ஐயா?

இதுவரை ஐவர் சரி என்றிருக்கிறார்கள். ஐயா இன்னும் இசையவில்லை. அவருக்காக 'திசைவித்தல்' அடைப்புக்குறிக்குள் இருக்கும்.

'லைட்பாத்' பாக்கி (இப்படி வழியும் அலைநீளமும் ஒதுக்கிய ஓர் இணைப்புக்கு ஆங்கிலப் பெயர்). 'ஒளிப்பாதை' என்றால் பிள்ளைகள் கண்ணாடி இழையையே நினைக்கிறார்கள். ஓர் இழையிலேயே 50 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியில் எண்பது லைட்பாத்கள் ஓடும். 'ஒளித்தடம்' சரிப்படுமா? ஞாயிறு மாலைக்குள் சொல்லுங்கள்.