பி.எல்.ஓ. ஜெல் மறுநாளே பிரிகிறது, உதவி தேவை

பார்மசூட்டிக்ஸ் நண்பர்களுக்கு வணக்கம். செய்வது 10% கீட்டோபுரோஃபென் (வலிநிவாரணி) பி.எல்.ஓ. ஜெல் (புளூரோனிக் லெசித்தின் ஆர்கனோஜெல், தோலில் பூசுவது), 100 மி.லி. மறுநாள் காலை சிரிஞ்சின் மேற்பகுதியில் மஞ்சள் எண்ணெய் வளையம் நிற்கிறது.

செய்முறை: சோயா லெசித்தின் (எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடிப்பது), ஐசோபுரொப்பைல் பால்மிடேட் (எண்ணெய்ப் பகுதி) சம எடையில், இரவு முழுக்க மூடிவைத்துக் கரைத்தது; அதில் எடுத்தது 22 மி.லி. அடுத்து, கீட்டோபுரோஃபென் 10 கிராம், புரொப்பிலீன் கிளைக்கால் 10 மி.லி.யில் குழைத்தது. மீதி, 20% போலாக்ஸமர் 407 (ஜெல்லாக இறுகும் பாலிமர்) நீர்க் கரைசல். இது குளிரில்தான் நீராக இருக்கும் என்பதால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததுமே சேர்க்கிறோம். இரண்டு லூயர்-லாக் (முறுக்கிப் பூட்டும்) சிரிஞ்சுகளை இணைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு 20 முறை தள்ளுகிறோம். கலந்ததும் வெண்மஞ்சள் கிரீமாக, நன்றாகவே இருக்கிறது. வைப்பது அறை வெப்பத்தில். ஃபிரிட்ஜில் வைத்தால் போலாக்ஸமர் இளகிப் பிரியும் என்பது தெரிந்ததுதான்.

என் சந்தேகம் கிளைக்கால் மேல்தான். அளவு கூடினால் போலாக்ஸமர் கட்டு தளரும். அதை 5 மி.லி.யாகக் குறைத்தால் மருந்து குருணையாக நிற்குமா? போலாக்ஸமரை 30% ஆக்கியவர்களுக்குச் சிரிஞ்சில் தள்ள முடிந்ததா? தள்ளும் எண்ணிக்கை போதாதா? லெசித்தினின் முக்கியக் கொழுப்பான பாஸ்ஃபாட்டிடைல்கோலின் அளவை மாற்றிப் பார்த்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.