ரோட் ஹோல்: இரண்டாவது அடியை எங்கே இறக்குவது?

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ் கோல்ஃப் மைதானத்தில் ஆடியவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். ரோட் ஹோல் எனப்படும் 17-ஆவது குழி, பார் 4 (நான்கு அடிகளில் முடிக்க வேண்டியது), சாம்பியன்ஷிப் டீயிலிருந்து (பெரிய போட்டிகளில் முதல் அடி அடிக்கும் இடம்) 495 யார்டு. கிரீன் (குழி இருக்கும் புல்தரை) குறுக்கே கிடக்கும் ஒடுங்கிய மேடை. முன்னால் இடப்பக்கம் ரோட் பங்கர் என்ற மணற்குழி, பின்னால் தார்ச்சாலை, அதைத் தாண்டினால் கல்சுவர்.

தரைக்கு அடியில் மணல், மேலே ஒட்ட வெட்டிய ஃபெஸ்க்யூ புல். தண்ணீர் தங்காததால் கோடையில் தரை இறுகிக் கிடக்கும். உயரத் தூக்கி அடித்த பந்து கிரீனில் விழுந்தாலும் நிற்காது, சாலைக்கு ஓடிவிடும். எனவே 20, 30 யார்டு முன்னாலேயே இறக்கி உருட்டிவிடத்தான் எண்ணம். சிக்கல், பங்கரைச் சுற்றியுள்ள சரிவு பந்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பார்வைக்குத்தான் அது சின்னக் குழி! 1978 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் ஜப்பான் வீரர் நகாஜிமா கிரீனிலிருந்து புட் செய்த (உருட்டிவிட்ட) பந்தே அதற்குள் போய், அவர் 17-ஆவது குழியை முடிக்க ஒன்பது அடிகள் ஆயின.

170 யார்டு மிச்சமிருந்தால் 5-அயர்னை (இரும்பு மட்டை) அரை வீச்சில் தாழ்வாக அடிப்பதா, அல்லது வலது முன்முனையில் நிறுத்தி புட்டரால் (உருட்டும் மட்டை) மேடேற்றுவதா? எதிர்காற்றில் எத்தனை யார்டு கூட்டிக்கொள்கிறீர்கள்? சாலையில் நின்ற பந்துக்கு இலவச நிவாரணம் (தண்டனை அடி இல்லாமல் பந்தை நகர்த்தும் சலுகை) கிடையாதே, அங்கிருந்து எந்த கிளப் (மட்டை) எடுப்பீர்கள்?