அம்மாவின் இடுப்பு எம்.ஆர்.ஐ. அறிக்கை: இதில் எந்த வரிக்குக் கவலைப்படுவது?

செம்பூர்வாசி (கேள்வி)

என் அம்மாவுக்கு வயது 64. நாங்கள் மும்பை செம்பூரில் குடியிருக்கிறோம். சில மாதங்களாகவே, நடக்கத் தொடங்கிச் சற்று நேரத்தில் இரண்டு கால்களும் மரத்துக் கனக்கின்றன என்றும், எங்காவது உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது என்றும் சொல்கிறார். நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். எலும்பு மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி எம்.ஆர்.ஐ. எடுத்தோம். அவரைப் பார்க்க அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்திருக்கிறது. அறிக்கை அதற்குள் கைக்கு வந்துவிட்டது.

எல்லா மட்டங்களிலும் டிஸ்க் டெசிக்கேஷன், எல்3–எல்4 மற்றும் எல்5–எஸ்1 மட்டங்களில் பல்ஜ், மோடிக் டைப் 2 மாற்றங்கள் என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். எல்4–எல்5 மட்டத்தில் மட்டும் பல்ஜுடன் ஃபேசட் மூட்டுத் தேய்மானம், லிகமெண்டம் ஃபிளேவம் தடிப்பு, தண்டுவடக் கால்வாயின் முன்பின் அளவு 8 மி.மீ. என்று இருக்கிறது. முதுகெலும்பு முழுவதும் தேய்ந்துவிட்டது என்று உறவினர்கள் சொல்லிச் சொல்லி, அம்மா வாசலுக்குப் போகவே பயப்படுகிறார். இந்தத் தேய்மானத்தை எம்.ஆர்.ஐ. எப்படிக் கண்டுபிடிக்கிறது? இவற்றில் உண்மையில் பொருட்படுத்த வேண்டியது எது?

ஸ்கேன் அறை ஊழியர்

நான் மருத்துவர் அல்லன், எம்.ஆர்.ஐ. எடுக்கும் தொழில்நுட்பப் பணியில் இருப்பவன். சிகிச்சை பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, படம் எப்படி உருவாகிறது என்பதைச் சொல்ல முடியும்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. வலுவான காந்தப்புலத்தில், உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வெளியிடும் ரேடியோ சைகைகளைக் கொண்டே படம் உருவாகிறது. டி2 என்னும் படவரிசையில் நீர் வெள்ளையாகவும், டி1 வரிசையில் நீர் கறுப்பாகவும் கொழுப்பு வெள்ளையாகவும் தெரியும். முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்கின் நடுப்பகுதி இளமையில் நுங்கைப் போல நீர் செறிந்தது. ஆகவே டி2 படத்தில் பளிச்சென்று இருக்கும். வயது ஏற ஏற நீர் வற்றி, அது சாம்பல் நிறமாகிக் கடைசியில் கறுத்துவிடும். டெசிக்கேஷன் என்பது இந்த நீர் வற்றல்தான். இதை ஐந்து படிகளாகப் பிரித்துப் பார்க்கும் முறையை ஃபிர்மன் குழுவினர் 2001-இல் வெளியிட்டனர்.

மோடிக் என்பது டிஸ்கை ஒட்டிய எலும்பு மஜ்ஜையின் மாற்றங்களுக்கு 1988 முதல் வழங்கும் பெயர். முதல் வகையில் மஜ்ஜையில் நீர்க்கோவை இருக்கும், இரண்டாவதில் மஜ்ஜை கொழுப்பாக மாறியிருக்கும், மூன்றாவதில் எலும்பு இறுகியிருக்கும். உங்கள் அம்மாவுக்கு இருக்கும் இரண்டாம் வகை பெரும்பாலும் பழைய, அடங்கிய மாற்றம். வலியோடு கூடுதலாகத் தொடர்புபடுத்தப்படுவது முதல் வகை.

இனி, உறவினர்களுக்குச் சொல்ல வேண்டியது. முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதன்படி 60 வயதினரில் 88 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்மானமும் 69 சதவீதத்தினருக்கு பல்ஜும், அதாவது டிஸ்க் பிதுக்கமும், இருக்கின்றன. 20 வயதிலேயே 37 சதவீதத்தினருக்குத் தேய்மானம் உண்டு. ஆகவே அறிக்கையில் நீளமாக எழுதப்பட்டு உங்களை மிரட்டும் வரிகளில் பெரும்பாலானவை தலைநரையைப் போன்ற வயதுக் குறிகளே. நான் நின்று படிப்பது எல்4–எல்5, அதாவது இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடைப்பட்ட மட்டத்தின் வரியைத்தான். முன்னால் பல்ஜும், பின்னால் தடித்த லிகமெண்டமும் (முள்ளெலும்புகளைப் பிணைக்கும் நார்), பக்கங்களில் பெருத்த ஃபேசட் மூட்டுகளும் (முள்ளெலும்புகளுக்கு இடையிலான சிறு மூட்டுகள்) சேர்ந்து நரம்புகள் செல்லும் கால்வாயை நெருக்குகின்றன. முன்பின் அளவு 10 மி.மீ.க்குக் கீழே போனால் அதைத் தெளிவான நெருக்கமாகக் கொள்வது வழக்கம்.

ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முதுகைப் பக்கவாட்டில் வெட்டியதுபோல் இருக்கும் டி2 படத்தைப் பாருங்கள். தண்டுவட நீர் வெள்ளைப் பட்டையாக மேலிருந்து இறங்கும். எல்4–எல்5 இடத்தில் அது கிள்ளியதுபோல் மெலிந்திருக்கும் என்று நினைக்கிறேன். குறுக்குவெட்டுப் படங்களில் மற்ற மட்டங்களில் வெள்ளை நீருக்குள் நரம்பிழைகள் கரும்புள்ளிகளாகத் தனித்தனியே தெரியும். நெருக்கம் அதிகமான இடத்தில் வெள்ளையே இல்லாமல் எல்லாம் ஒன்றாகக் குவிந்துவிடும்.

செம்பூர்வாசி

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்ன இடத்தில் பட்டை மெலிந்துதான் இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் அம்மா ஏறும்போது அவ்வளவாகத் தொல்லை இல்லை. இறங்கும்போதுதான் கால்கள் மரக்கின்றன. இது எங்களுக்கு விசித்திரமாக இருக்கிறது.

பிசியோதெரபிஸ்ட், முலுண்ட்

இதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. படியேறும்போது உடல் முன்னால் சாய்கிறது, கால்வாய் சற்று விரிகிறது. இறங்கும்போது இடுப்பு பின்னால் வளைகிறது, கால்வாய் குறுகுகிறது. உட்கார்ந்தால் சரியாவதும் அதனால்தான். இத்தகையவர்கள் கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி நடந்தால் நெடுந்தூரம் போய்விடுவார்கள். அம்மாவின் இந்தப் பேச்சும் எல்4–எல்5 படமும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன; படத்துக்கு மதிப்பு வருவது இப்படிப் பொருந்தும்போதுதான்.

இருந்தாலும் நீரிழிவு இருப்பதால் ஒன்றைச் சோதித்துவிட வேண்டும். காலின் ரத்தக் குழாய் அடைப்பினாலும் நடந்தால் கெண்டைச்சதை வலிக்கும். ஆனால் அந்த வலி, உட்காராமல் நின்ற இடத்திலேயே நின்றாலும் அடங்கிவிடும். பாதத்து நாடியைத் தொட்டுப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். நீரிழிவு நரம்புப் பாதிப்பும் மரத்துப்போகச் செய்யும். அது நடை, ஓய்வு என்று பார்ப்பதில்லை.

படுக்கையில் கிடப்பது வேண்டாம். தசைகள் இளைத்து நடை இன்னும் குறையும். குனிந்தாற்போல் செய்யும் பயிற்சிகளும், நிலையான சைக்கிளும் பெரும்பாலும் இவர்களுக்கு ஒத்துவரும். எதைத் தொடங்குவது என்பதை நேரில் பார்ப்பவர் முடிவு செய்யட்டும். ஆனால் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடின்றிப் போனாலோ, தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்தாலோ, கால்கள் திடீரென்று வலுவிழந்தாலோ, அடுத்த வாரம் வரை காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

ஸ்கேன் அறை ஊழியர்

ஒன்று விட்டுப்போயிற்று. எம்.ஆர்.ஐ. படுத்த நிலையில் எடுக்கப்படுவதால், நிற்கும்போது ஏற்படும் நெருக்கத்தை அது குறைத்துக் காட்டக்கூடும். எலும்பு முன்னால் நழுவுவதும் தெரியாமல் போகலாம். நின்றபடி குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் சாதாரண எக்ஸ்ரே தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாமல் ஃபிலிம்களையும் சி.டி.யையும் எடுத்துச் செல்லுங்கள். அறுவை மருத்துவர்கள் பலர் அறிக்கையைப் படிக்கும் முன் படத்தைத்தான் பார்ப்பார்கள்.