சப்ட்ராபிகல் பழப்பயிர் புரொஃபசர்கிட்ட பிஎச்டி சேரலாமா? பேப்பர் கம்மியா இருக்கே

எலஹங்கா_சித்ரா:
வணக்கம், பெங்களூர்ல இருந்து. அக்கா பையன் கோயம்புத்தூர்ல எம்எஸ்சி ஹார்ட்டி (தோட்டக்கலை) முடிச்சிட்டு இப்ப எங்க வீட்லதான் இருக்கான். வெளிநாட்டுல ஒரு புரொஃபசர் பிஎச்டிக்கு எடுத்துக்கறேன்னு மெயில் போட்டிருக்கார், மா, பட்டர் ஃப்ரூட்னு சப்ட்ராபிகல் (வெப்பமண்டலத்தை ஒட்டின, கொஞ்சம் குளிர்காலம் இருக்கற ஊர்) மரம்தான் அவர் ஏரியா, ரொம்ப சீனியர். ஆனா கூகுள் ஸ்காலர்ல பார்த்தா அந்த சர்வீசுக்கு பேப்பர் கம்மி, மத்தவங்க அந்த பேப்பர்களை எவ்ளோ மேற்கோள் காட்டறாங்கன்னு சொல்ற ஹெச் இண்டெக்ஸும் சுமார். நானும் வீட்டுக்காரரும் ஐடி, எங்களுக்கு இந்த நம்பர்தான் தெரியும். அவன்கிட்ட கேட்டா "சித்தி உங்களுக்கு புரியாது"ன்றான். விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மாந்தோப்பு:
மேடம், மரப்பயிர்ல நம்பர் அப்படித்தான் இருக்கும். தக்காளின்னா ஒரே வருஷத்துல ரெண்டு மூணு சீசன் ஓட்டி பேப்பர் போட்டுடலாம், மாங்கொட்டை போட்டு வளர்த்த ஹைப்ரிட் முதல்ல காய்க்கவே பல வருஷம், அப்புறம் ஒரு வருஷம் காய்ச்சு ஒரு வருஷம் ஓயுற மரமான்னு பார்க்க இன்னும் எத்தனையோ சீசன். டெல்லி ஐஏஆர்ஐ விவசாய ஆராய்ச்சி நிலையத்துல நீலம், தஷேரின்னு ரெண்டு மா ரகத்தைக் கலந்துதான் மல்லிகா, அம்ரபாலி ரெண்டும் வந்துச்சு, நீலம் தாய்னா மல்லிகா, தஷேரி தாய்னா அம்ரபாலி. அம்ரபாலி குட்டை மரம், வருஷா வருஷம் காய்க்கும், 2.5 மீட்டர் இடைவெளில ஹெக்டேருக்கு 1,600 மரம் நடலாம். இதை ஸ்காலர்ல எந்த நம்பர்ல தேடுவீங்க? அந்த புரொஃபசர் ரிலீஸ் பண்ண ரகம், ரூட்ஸ்டாக் (ஒட்டு கட்டற அடிமரம்) ஏதாவது தோட்டத்துல நிக்குதான்னு பாருங்க.

கேஆர்புரம்_வாசு:
கேக்க நல்லாத்தான் இருக்கு சார், ஆனா பையன் நாளைக்கு இன்டர்வியூல உக்காந்தா பேப்பர் எத்தனைன்னுதானே கேப்பாங்க? நாலஞ்சு வருஷ பிஎச்டில மரம் வளர்றவரைக்கும் காத்திருக்க முடியுமா. ஏற்கனவே காய்ப்புல இருக்கற ட்ரையல் பிளாக் (சோதனைத் தோப்பு) அவர்கிட்ட இருக்கா, பழைய ஸ்டூடன்ட்ஸ் எத்தனை வருஷத்துல முடிச்சாங்க, இத முதல்ல மெயில்ல கேக்கச் சொல்லுங்க.

பூவும்பிஞ்சும்:
வாசு சொல்றது கரெக்ட். பேப்பரை எண்றதைவிட அது எங்க போய் சேர்ந்துச்சுன்னு பாருங்க. பிலிப்பைன்ஸ்ல ரமோன் பார்பான்னு ஒருத்தர், பொட்டாசியம் நைட்ரேட் கரைசல் அடிச்சா மா சீசன் இல்லாமலே பூக்கும்னு 1970கள்ல காட்டினார், பேட்டன்ட் கையில இருந்தும் விவசாயிகள்கிட்ட காசு கேக்கல, 2014ல அந்த நாட்டோட தேசிய விஞ்ஞானி பட்டம் குடுத்தாங்க. ஆனா அதே ஸ்பிரே ஃப்ளோரிடா மாதிரி சப்ட்ராபிகல் ஊர்ல சரியா எடுபடாது, அங்க பூ வர்றதுக்கு குளிர்தான் சிக்னல், வெப்பமண்டலத்துல கொழுந்து எவ்ளோ முத்தியிருக்குங்கறதுதான் முக்கியம். ஃப்ளோரிடா யூனிவர்சிட்டி ஹோம்ஸ்டெட் சென்டர்ல டாம் டேவன்போர்ட் இந்த பூ விஷயத்துக்கே தன் சர்வீஸ்ல பெரும்பகுதியை செலவழிச்சார். பையன் திரும்பி வந்து நம்மூர்ல வேலை பார்க்கறதா இருந்தா இந்த வித்தியாசத்தை இப்பவே மனசுல வச்சுக்கணும், அங்கத்த ரிசல்ட்டை அப்படியே கிருஷ்ணகிரி தோப்புல இறக்க முடியாது.

எலஹங்கா_சித்ரா:
ரொம்ப தேங்க்ஸ். லிஸ்ட்ல பாதி "ஆக்டா ஹார்ட்டிகல்ச்சுரே"ன்னு இருக்கு, அது நல்ல ஜர்னலா?

மாந்தோப்பு:
அது ஐஎஸ்ஹெச்எஸ்னு சர்வதேச தோட்டக்கலை சங்கத்தோட கான்ஃபரன்ஸ் கட்டுரைத் தொகுப்பு மேடம், இந்த ஃபீல்டுல எல்லாரும் போடுவாங்க, தப்பில்ல. கடைசி பத்து வருஷமா அது மட்டும்தான்னா கொஞ்சம் யோசிக்கணும். முதல் பேரா ஸ்டூடன்ட் பேர் வருதா, எல்லாத்துலயும் அவர் பேர்தானான்னும் பாருங்க. எலஹங்காலதானே இருக்கீங்க, ஹெசரகட்டா ஐஐஹெச்ஆர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பக்கம்தான், பையனை ஒரு நாள் பழப்பயிர் டிவிஷனுக்கு அனுப்புங்க. லக்னோல இருக்கற சப்ட்ராபிகல் இன்ஸ்டிடியூட்டே 1972ல இவங்களோட மா ஸ்டேஷனா ஆரம்பிச்சதுதான், அந்த புரொஃபசரை நேர்ல தெரிஞ்சவங்க யாராவது இருக்க சான்ஸ் உண்டு.

கேஆர்புரம்_வாசு:
போறப்ப ஃபண்டிங் எத்தனை வருஷத்துக்குன்னும் மெயில்ல கேட்டு வச்சுக்கங்க. ரிட்டயர்மென்ட் எப்பன்னும் நாசூக்கா.